இரண்டாவது பாட்டில்

தாம்பரம்
6.5.2024

அன்புள்ள மாமாவுக்கு,

சுகுணா எழுதுகிறேன். முதல் மருந்து ஏறிவிட்டது, பெரிய தொந்தரவு ஒன்றும் இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மீதியை நிதானமாகப் படிப்பீர்கள்.

போனில் பேசவில்லை என்று கோபிக்காதீர்கள். நெஞ்சுக்குள் இருக்கும் கட்டி குரல் நரம்பை அழுத்துகிறதாம். நான் வாயைத் திறந்தால் யாரோ தகரத்தைப் பிறாண்டுவது போல இருக்கிறது. நம் ஊரில் பாறை மேல் ஏறினால்தான் சிக்னல். அங்கே நின்று நீங்கள் "என்ன, என்ன" என்று கத்த, இங்கே நான் பிறாண்ட, எதற்கு? எழுதுவது எனக்குச் சுலபம். ஒரு காலத்தில் ஆபீஸில் டைப் அடித்தவள்தானே.

தங்கச்சி வீட்டில் ஒரு குறையும் இல்லை. தேன்மொழி எக்ஸ்போர்ட் கம்பெனிக்குக் கிளம்பும் முன் எனக்குக் கஞ்சி வைத்துவிட்டுத்தான் போகிறாள். அவள் வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போயிருக்கிறார், வர இருபது நாள் ஆகுமாம்.

நீங்கள்தான் என்னை ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டு மறுநாளே பஸ் ஏறிவிட்டீர்கள். மாடு இருக்கிறது, தெரியும். இருந்தாலும் ஊசி குத்தும்போது பக்கத்தில் இருந்திருக்கலாம். அதனால் டாக்டர் கிருஷ்ணகுமாரி அம்மா எனக்குப் படம் வரைந்து சொன்னதை இப்போது நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ரத்தத்தில் உள்ள காவல் அணுக்கள் புற்றைக் கண்டால் கொன்றுவிடக்கூடியவைதான். ஆனால் புற்று அவற்றை அடக்கி உட்காரவைத்து விடுகிறதாம். அடக்குவதற்கு அதனிடம் இருப்பது ஒரு வழியல்ல, பல வழிகள். இப்போது புழக்கத்தில் இருக்கிற மருந்து ஒரு வழியை மறிக்கிறது. புது மருந்து இன்னொன்றை மறிக்கிறது. இரண்டையும் சேர்த்து மறித்தால் கூடுதல் பலன் உண்டா என்று பார்க்கத்தான் இந்த ஆய்வு. பாதிப் பேருக்கு ஒரு மருந்து, பாதிப் பேருக்கு இரண்டு. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர்தான் குலுக்கிப் போடும். டாக்டர்களுக்கே அதில் கை கிடையாது.

எனக்கு ஒன்று விழுந்தது.

ஜான்பீட்டர் சாருக்கு இரண்டு.

போன வியாழக்கிழமை என் பக்கத்து நாற்காலியில்தான் அவருக்கும் ஏறியது. என் மருந்து முடிந்து ஊசியைக் கழற்றிய பிறகு அவருக்கு நர்ஸ் இரண்டாவது பாட்டிலைக் கொண்டுவந்து மாட்டினாள். கொல்லிமலையில் நான் டைப் அடித்த வேளாண்மை ஆபீஸில் அவர் அதிகாரியாக இருந்த மூன்று வருஷத்தைப் பற்றி அந்த நர்ஸிடம் ஒரு மணி நேரம் பேசினார். எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். ஆள் பாதியாக இளைத்துவிட்டார். ஒரே மகள், கனடாவில். சம்சாரம் இறந்து நான்கு வருஷம் ஆகிறதாம்.

என் நோயைக் கேள்விப்பட்டு இந்த இடத்தை நமக்குச் சொன்னவரே அவர்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் அவர் பிப்ரவரியிலேயே சேர்ந்திருக்கிறார். நமக்குப் பங்குனி பிறந்த பிறகுதானே போன் செய்தார்? முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களையும்.

உங்கள்
சுகுணா


ஆலத்தூர் நாடு
19.5.2024

அன்புள்ள சுகுணாவுக்கு,

மணிவண்ணன் எழுதிக்கொள்வது. உன் கடிதத்தைத் தபால்காரர் செங்கோடன் சந்தையிலேயே என் கையில் கொடுத்துவிட்டார். சந்தை இரைச்சலில் படிக்க மனமில்லாமல் வீட்டுக்கு வந்து படித்தேன்.

இரண்டு நாளாக நல்ல மழை. மிளகுக் கொடிக்கு மண் அணைத்தாயிற்று. குச்சிக்கிழங்கு வயலில் பன்றி புகுந்து ஒரு மூலையைக் கிளறிப் போட்டுவிட்டது. வாசலூர்பட்டியில் படகு விடுகிற ஏரிப் பக்கம் கார் நிற்க இடமில்லாத கூட்டம், பலாப்பழம் அங்கேயே விற்றுப்போகிறது. பக்கத்து வீட்டுப் பொன்னாயி அக்கா தினமும் உன்னைக் கேட்கிறது. பிள்ளையில்லாத வீட்டில் ஒரு ஆளும் போய்விட்டால் எப்படி இருக்கும் என்று நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை.

சுகுணா, உன் கடிதத்தில் என்னைப் பற்றி எழுதியிருப்பது நான் பஸ் ஏறிப் போனதை மட்டும். அந்த ஆளைப் பற்றி ஒரு பக்கம். சார் இளைத்துவிட்டார், சார் இளநீர் வாங்கினார், சார் மலையைப் பற்றிப் பேசினார். இருபது வருஷத்துக்கு முன்னால் செம்மேட்டு வேளாண்மை ஆபீஸ் வாசலில் நீ அவருடைய மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து போனதை என் கண்ணால் பார்த்தவன் நான். அப்போது நமக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் உன்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காததால் மறந்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

நான் ஏன் மறுநாளே கிளம்பினேன் என்று கேட்கிறாய். அவர் உன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். எந்தக் கவுண்டர், எந்த மாடி, எந்த டாக்டர் எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் பின்னால் நடந்தேன். அந்த இடத்தில் எனக்கு என்ன வேலை?

மருந்து ஒன்றானால் என்ன, நன்றாக வேலை செய்தால் சரி. வேளைக்குச் சாப்பிடு. அவர் வாங்கித் தருகிற இளநீரைத் தங்கச்சி வாங்கித் தர மாட்டாளா?

மணிவண்ணன்


தாம்பரம்
10.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். மூன்றாம் நாள் சிரிப்பு வந்தது. இன்றைக்கு மறுபடியும் கோபம். அதனால் இன்றே எழுதிவிடுகிறேன்.

அன்றைக்குக் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டேன். அவர் கொண்டுவந்து விட்டார். அவ்வளவுதான். அவர் கேட்டிருந்தால் நான் சரி என்றிருப்பேனா என்று இருபது வருஷமாக வாய் திறக்காமலே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அவரும் கேட்கவில்லை, எனக்கும் அப்படி ஒரு நினைப்பு இருந்ததில்லை. இதை எழுத்தில் கொடுத்துவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று நிஜம். எழுந்தாலும் உட்கார்ந்தாலும் நான் அந்த மனிதரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. வயிறு எரிகிறது மாமா. அவருக்கு இரண்டு, எனக்கு ஒன்று.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை அதே நாற்காலி. எனக்குக் கழற்றிவிடுவார்கள். நான் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவருக்கு இரண்டாவது பாட்டிலைத் தொங்கவிடுவார்கள். தண்ணீர் மாதிரிதான் இருக்கும், நிறம்கூடக் கிடையாது. அது சொட்டுச் சொட்டாக இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். சின்ன வயதில் தேன்மொழிக்குப் புதுப் பாவாடை எடுத்து எனக்கு எடுக்காதபோது எப்படிப் பார்த்தேனோ அப்படி.

அவருக்கு இருமல் நின்றுவிட்டது. மாடிப்படி ஏறுகிறார். போன வாரம் ஸ்கேனில் கட்டி பாதிக்கு மேல் கரைந்திருக்கிறதாம். என்னிடம் வந்து சொல்கிறார், முகமெல்லாம் சந்தோஷம். "உனக்கும் இப்படித்தாம்மா ஆகும், பார்த்துக்கிட்டே இரு" என்கிறார். நானும் நல்லது சார் என்றேன். உள்ளுக்குள் என்ன நினைத்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எனக்கு ஒரு கடுகளவு குறைந்திருக்கிறது, குரல் இன்னும் திரும்பவில்லை.

ஆற்றாமையில் கேட்டே விட்டேன். "நீங்க பிப்ரவரியிலயே சேர்ந்துட்டீங்களே சார், எங்களுக்கு ஏன் அவ்வளவு லேட்டா சொன்னீங்க?" அவர் கையிலிருந்த பைலை மடியில் வைத்தார். பிறகு "என் தப்புதான் சுகுணா, மன்னிச்சுக்கோ" என்றார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பார்த்தீர்களா? தான் முதலில் இடம் பிடித்துக்கொண்டு, மிச்சம் இருந்தால் மற்றவர்களுக்கு என்று நினைத்திருக்கிறார். இளநீர் எல்லாம் அதற்குத்தான் போலிருக்கிறது.

இப்போது உங்கள் மனசு ஆறியிருக்கும். எனக்குத்தான் ஆறவில்லை.

உங்கள்
சுகுணா


ஆலத்தூர் நாடு
23.6.2024

அன்புள்ள சுகுணாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உண்மையைச் சொன்னால், படித்துவிட்டு வயிறு நிறையச் சோறு சாப்பிட்டேன். நீ நோயில் கிடந்து வேகிறாய், நான் இங்கே சந்தோஷமாகச் சாப்பிட்டிருக்கிறேன். என்ன பிறவி நான் என்று பிறகுதான் தோன்றியது.

அவரிடம் அந்தத் தேதி விஷயத்தை இனிமேல் கேட்காதே. நடந்தது நடந்துவிட்டது. கேட்டு என்ன ஆகப்போகிறது?

சாமை விதைத்தாயிற்று. பக்கத்துக் காட்டு ராசப்பன் அண்ணன் ஏர் கொடுத்தார். தேன்மொழியின் வீட்டுக்காரர் லாரி சேலம் வழியாகப் போனபோது ஒரு மூட்டை கொடுத்தனுப்பினேன், வந்திருக்கும். அதில் மலைத்தேன், மிளகு, வறுத்த கிழங்கு எல்லாம் இருக்கிறது. தேனை நீ மட்டும் சாப்பிடு. யாருக்கும் பங்கு வைக்க வேண்டாம்.

மூச்சு வாங்குகிறதா என்று எழுது. எதையும் மறைக்காதே.

மணிவண்ணன்


தாம்பரம்
21.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

இதை அவசரமாக எழுதுகிறேன். தேன்மொழியைத் தபாலாபீஸில் நின்று ஸ்பீடு போஸ்டில் போடச் சொல்லியிருக்கிறேன்.

ஜான்பீட்டர் சாரை வார்டில் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு மருந்தும் சேர்ந்து அவருடைய காவல் அணுக்களை அவிழ்த்துவிட்டதில் அவை புற்றோடு நிற்காமல் குடலையும் தாக்க ஆரம்பித்துவிட்டன. ஒரு நாளைக்குப் பதினான்கு, பதினைந்து முறை போகிறது, ரத்தமாக. ஐந்து நாள் யாரிடமும் சொல்லாமல் வீட்டிலேயே இருந்திருக்கிறார். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம்.

செய்தி கேட்டபோது என்ன நடந்தது என்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எனக்குள்ளே ஒரு சின்ன சந்தோஷம் எழுந்தது. கண் இமைக்கிற நேரம்தான். ஆனால் எழுந்தது. அவருக்கும் ஆகட்டும் என்று ஒரு குரல். அது என் குரல்தான், நோய்க்கு முன்னால் இருந்த என் நல்ல குரல்.

பிறகு வார்டு வாசலில் நின்று பார்த்தேன். ஆண்கள் வார்டு, பெண்களை உள்ளே இருக்க விடமாட்டார்கள். படுக்கையை மாற்றக்கூட ஆள் இல்லாமல் கிடந்தார். மகளுக்கு லீவு கிடைக்க மூன்று வாரம் ஆகுமாம். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார், கிட்டே வராதே, நாறுகிறது என்று.

அந்த ஒரு நிமிஷ சந்தோஷத்துக்கு நான் ஏதாவது செய்தாக வேண்டும். என்னால் தூக்கவோ துடைக்கவோ முடியாது. நீங்கள் வாருங்கள். எனக்காகக் கேட்கிறேன், அவருக்காக இல்லை. வியாழக்கிழமை எனக்கு அடுத்த ஊசி, அன்றைக்கே ஸ்கேனும் எடுத்துவிடுவார்கள். அது முடிந்தவுடன் நான் மலைக்கு வந்து மாட்டைப் பார்த்துக்கொள்கிறேன். பால் கறக்கப் பொன்னாயி அக்கா இருக்கிறது.

வர முடியாது என்றால் அதையும் எழுதிவிடுங்கள். ஆனால் காரணம் மாடு என்று எழுதாதீர்கள்.

உங்கள்
சுகுணா


சென்னை
5.8.2024

அன்புள்ள சுகுணாவுக்கு,

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் பாறை மேல் ஏறி மிஸ்டு கால் கொடுத்தாயே, அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. வார்டுக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் நாள் நான் உள்ளே போனபோது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "மணி, நீங்களா? வேணாம், நீங்க வேணாம்" என்றார். நான், "ஏனுங்க சார், வந்துட்டனுங்க, இனி ஆகறதைப் பாக்கலாமுங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

இருபது வருஷம் நான் பொறாமைப்பட்ட உடம்பு சுகுணா அது. மொபெட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து வளைவில் சாய்த்து ஓட்டின உடம்பு. இப்போது ஒரு கையால் புரட்டிவிடலாம். இடுப்பு எலும்பு என் உள்ளங்கையில் குத்துகிறது. முதல் இரண்டு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தேன். மூன்றாம் நாள் அது தோன்றவே இல்லை.

எத்தனை முறை போகிறது, ரத்தம் இருக்கிறதா என்று நர்ஸ் ஜாஸ்மின் ஒரு நோட்டில் என்னையே குறிக்கச் சொல்லியிருக்கிறது. ஸ்டீராய்டு மூன்று நாள் கொடுத்தும் நிற்கவில்லை. பிறகு வேறொரு ஊசி போட்டார்கள். நேற்று ஒன்பது, இன்று இதுவரை நான்கு. நான்கு என்று எழுதியபோது நர்ஸ் என் தோளில் தட்டியது. எனக்கு ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது.

குடிக்கிற கஞ்சி வயிற்றில் நிற்கிறது. நேற்று நம் மலையைப் பற்றிப் பேசினார். புளியஞ்சோலையில் ஆற்றில் இறங்கிக் கால் நனைத்துவிட்டு, காட்டுப் பாதையிலேயே மேலே ஏறி வந்தாராம் ஒரு முறை. நான் அந்தப் பாதையில் சுமை தூக்கினவன், அதனால் எந்த இடத்தில் எந்த மரம் என்று இரண்டு பேரும் வழக்காடினோம். அவர் சொன்னதுதான் சரி என்று நினைக்கிறேன். ஒப்புக்கொள்ளவில்லை.

உன் ஸ்கேன் முடிவு அடுத்த வாரம் வரும் என்றார்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் உனக்கு அடுத்த ஊசியாம்.

மணிவண்ணன்


ஆலத்தூர் நாடு
11.8.2024

அன்புள்ள மாமாவுக்கு,

எழுதியதைப் படித்துச் சந்தோஷப்பட வேண்டியவள் நான்தான், கேட்டு அனுப்பினவளே நான்தானே. ஆனாலும் படித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராசப்பன் அண்ணன் வந்து, "ஏம்மிணி, மச்சான் கடுதாசில என்ன கெட்ட சேதியா?" என்று கேட்டார். "நல்ல சேதிதானுங்க, அதான்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

உங்களுக்கு விளங்கும். எனக்கு முதல் மருந்து ஏறியபோது நீங்கள் ஒரு நாள் இருக்கவில்லை. எனக்கு மூச்சு இழுத்த அன்றைக்குத் தேன்மொழிதான் முதுகைத் தடவினாள். இப்போது ஊர் பேர் தெரியாத வார்டில் நோட்டுப் போட்டு எழுதுகிறீர்கள், கஞ்சி ஊட்டுகிறீர்கள், மரத்துக்கு வழக்காடுகிறீர்கள். அந்தக் கை எனக்குக் கிடைக்கவில்லையே என்று இருக்கிறது. பாட்டில் இரண்டும் அவருக்கு, இப்போது புருஷனும் அவருக்கு.

இப்படி எழுதுகிறவள் கெட்டவள்தான். இருந்துவிட்டுப் போகிறேன்.

இங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. சாமை முழங்கால் உயரம். நடந்தால் மூச்சு வாங்குகிறது, போன மாதத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக. மலைக்காற்றுக்கு உடம்பு பழக வேண்டும் என்று நினைக்கிறேன். வேறு காரணம் இருந்தால் ஸ்கேன் சொல்லும். சொன்னால் சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

உங்கள்
சுகுணா


சென்னை
19.8.2024

அன்புள்ள சுகுணாவுக்கு,

சுற்றி வளைக்காமல் எழுதச் சொன்னாய்.

ஸ்கேன் வந்துவிட்டது. நெஞ்சுக் கட்டி குறையவில்லை, வளர்ந்திருக்கிறது. ஈரலில் புதிதாக ஒரு புள்ளி. டாக்டர் கிருஷ்ணகுமாரி அம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னார். ஒரு வழியை மறித்தோம், அது வேறு வழியில் அணுக்களை அடக்கிக்கொண்டிருக்கிறது என்றார். ஒரு மருந்து வாங்கியவர்களுக்கு நோய் வளர்ந்தால் இரண்டாவதையும் சேர்த்துக் கொடுக்க ஆய்வின் விதியில் இடம் உண்டாம். "கேட்கும்னு நான் உறுதி தர முடியாது. இவருக்கு வந்த மாதிரி வரலாம், வராமலும் போகலாம். அவங்க முடிவு பண்ணட்டும்" என்றார்.

ஜான்பீட்டருக்கு மருந்தை நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய பிறகும் கட்டி கரைந்துகொண்டே இருக்கிறது. இப்போது நகம் அளவுதான். வயிறும் அடங்கிவிட்டது. நேற்று அவராகவே வராந்தாவில் நடந்தார். அவர் மகள் சனிக்கிழமை வருகிறது.

பயப்படுவாய் என்று தெரியும். ஆனால் அந்த மருந்து செய்வது என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். நாலு தடவைக்கு மேல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டும். அவர் ஐந்து நாள் காத்திருந்ததுதான் கெடுத்தது. தோலில் தடிப்பு, கண்ணில் மஞ்சள், மூச்சுத் திணறல், எதற்கும் காத்திருக்கக் கூடாது. நான் பக்கத்தில் இருந்தால் காத்திருக்க விடமாட்டேன்.

இதோடு முடித்துவிடலாம் என்று பேனாவை மூடி வைத்தேன். மூட முடியவில்லை.

முந்தாநாள் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். கண்ணை மூடியபடியே கேட்டார். "மணி, தை மாசம் இருபதாம் தேதி நான் உங்களுக்குப் போன் பண்ணேன். புதுசா ஆய்வு ஆரம்பிக்குது, சுகுணாவை உடனே கூட்டிட்டு வாங்கன்னேன். சரின்னீங்க. அப்புறம் ரெண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கலை. ஏன்?"

நான் கத்தியை வைத்துவிட்டேன்.

அவர் தை மாதமே சொன்னார் சுகுணா. நான்தான் உன்னிடம் சொல்லவில்லை. அவர் குரலைக் கேட்டதும் எனக்கு அந்த ஆபீஸ் வாசல்தான் தெரிந்தது. உன்னை நான் காப்பாற்ற முடியாமல், அவர் காப்பாற்றினார் என்று ஆகிவிடக் கூடாது என்று நினைத்தேன். நாம் காட்டிக்கொண்டிருந்த சேலத்து டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பங்குனி பிறந்த மறுநாள் நீ இருமியபோது துணியில் ரத்தம் வந்தது. அன்றைக்குப் பயந்துபோய், "இன்னைக்கு ஜான்பீட்டர் கூப்பிட்டாரு" என்று பொய் சொன்னேன். நடுவில் நாற்பத்தொரு நாள்.

நீ அவரிடம் கேட்டபோது அவர் தன் தப்பு என்று ஏற்றுக்கொண்டார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "அவளுக்கு இருக்கறது நீங்க ஒருத்தர்தானே மணி" என்றார். இனியும் சொல்ல மாட்டாராம். அவர் நல்லவராக இருப்பதற்கும் எனக்கு வயிறு எரிகிறது. இதைவிட என்ன எழுத?

அந்த நாற்பத்தொரு நாளில் வந்திருந்தால் எல்லாம் மாறியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். யாராலும் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன்.

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். முகத்தில் விழிக்காதே என்றாலும் சரி. ஆனால் மருந்தை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

மணிவண்ணன்


ஆலத்தூர் நாடு
27.8.2024

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. செங்கோடன் அண்ணன் கொடுத்தபோது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். அங்கேயே நின்று படித்தேன். வாளி கவிழ்ந்து, மாடு என்னை இடித்துக்கொண்டு போனது.

அன்றைக்கும் மறுநாளும் அடுப்புப் பற்றவைக்கவில்லை. பொன்னாயி அக்கா கஞ்சி கொண்டுவந்து, "என்ன சாமி, ஊட்டுக்காரர் என்ன எழுதியிருக்காரு?" என்று கேட்டது. என் குரல் வராதது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

முதலில் நாள் நாளாக எண்ணினேன். தை கடைசியில் நாம் இரண்டு பேரும் மிளகு பறித்தோம். நான் ஏணியில் ஏறும்போது மூச்சு இரைத்தது. நீங்கள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். அப்போது உங்களுக்குத் தெரியும். மாசியில் சேலம் போய் வந்தோம், திரும்பும்போது எனக்கு ஜன்னல் சீட்டுப் பிடித்துக் கொடுத்தீர்கள். அப்போதும் தெரியும். எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் நீங்கள் என்னிடம் நன்றாகத்தான் நடந்துகொண்டீர்கள். அதுதான் தாங்கவில்லை.

பிறகு அந்த மனிதரை நினைத்தேன். செய்யாத தப்புக்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் அவருக்குக் கெடுதல் நினைத்தேன். அவர் ரத்தமாகப் போனபோது ஆகட்டும் என்றேன். அந்தப் பாவத்தில் பாதி உங்களுடையது. மீதியை நானே வைத்துக்கொள்கிறேன், என் வயிற்றெரிச்சலை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவரிடம் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். நேரில் நானே சொல்கிறேன், இந்தக் குரலிலேயே.

முகத்தில் விழிக்காதே என்று எழுதத்தான் முதலில் பேப்பர் எடுத்தேன். இரண்டு தாள் கிழித்துப் போட்டேன். நீங்கள் அவரைத் துடைத்துவிட்டது என் கண் முன்னால் வந்து நிற்கிறது. நீங்கள் எழுதாமல் இருந்திருக்கலாம் என்பதும். அவரும் சொல்லியிருக்க மாட்டார். எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை.

அந்த நாற்பத்தொரு நாளை நான் மன்னிக்கவில்லை. போகட்டும் என்று வாயால் சொல்லிவிட முடியும், ஆனால் அது பொய். உங்களை நிஜமாக மன்னிக்க எனக்கு இன்னும் கொஞ்சம் ஆயுசு வேண்டும். அதற்காகவும்தான் அந்த மருந்தைப் போட்டுக்கொள்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. டாக்டரம்மாவிடம் சரி என்று சொல்லிவிடுங்கள். கையெழுத்தை நானே வந்து போடுகிறேன்.

கூட இருப்பவர் பெயர் கேட்பார்கள். தேன்மொழி பெயரைக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அவளுக்குக் கம்பெனியில் லீவு கிடைக்காது, அது ஒன்று. இன்னொன்று, எதற்கும் காத்திருக்க விடமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நீங்கள் செய்து நான் பார்க்க வேண்டும்.

மாட்டைப் பொன்னாயி அக்கா ஏற்றுக்கொண்டது. ராசப்பன் அண்ணன் சேலம் வரை வந்து பஸ் ஏற்றிவிடுகிறார். செவ்வாய்க்கிழமை, மூன்றாம் தேதி, காலை ஐந்தரைக்குக் கிளாம்பாக்கம் வந்துவிடும்.

வந்து நில்லுங்கள். என்னிடம் எதுவும் பேச வேண்டாம். பையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சுகுணா